மரபுத்தொடர்களை இயந்திரம் மொழிபெயர்க்க எந்த வழி ஏற்றது? தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கான ஓர் ஒப்பீடு

‘வரும் ஞாயிற்றுக்கிழமை குலதெய்வக் கோயிலில் பேத்திக்குக் காது குத்துகிறோம்’ என்பது ஒரு வாக்கியம். ‘இருபது வருடமாகக் கடை நடத்துகிறேன், எனக்கே காது குத்துகிறாயா?’ என்பது இன்னொன்று. இரண்டிலும் அதே பெயர்ச்சொல், அதே வினைச்சொல், அதே நான்காம் வேற்றுமை உருபு. முதலாவதில் ஒரு சடங்கு நடக்கிறது. இரண்டாவதில் ஏமாற்ற வந்தவரை ஒரு கடைக்காரர் தடுத்து நிறுத்துகிறார். தமிழறிந்த எவருக்கும் இங்கே ஐயம் எழாது. சொல்லுக்குச் சொல் பொருள் கூட்டிப் பழகிய இயந்திரமோ கடைக்காரரின் காதில் உண்மையாகவே ஊசியை ஏற்றிவிடக்கூடும். அதைத் திருத்துவதற்காக ‘காது குத்து’ என்றால் ஏமாற்று என்று ஓர் ஒற்றை விதியை எழுதி வைத்தால், கோயிலில் பேத்தியை ஏமாற்றப்போகும் ஒரு குடும்பம் ஆங்கிலத்தில் தோன்றும்.

ஒரு குறிப்பிட்ட முடிவை எடுக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களை எண்ணி இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். தமிழ்ச் செய்திகளையோ அரசு ஆவணங்களையோ சிறுகதைகளையோ ஆங்கிலத்துக்குக் கொண்டுசெல்ல இயந்திரத்தின் துணையை நாடும் ஒரு சிறு குழுவில், ஓரிரு நிரலாளர்களும் ஒரு மொழியியலாளரும் சில மொழிபெயர்ப்பாளர்களும் இருப்பதாகக் கொள்வோம். மொழிபெயர்ப்பு மாதிரி ஒன்றை, அதாவது தரவைக் கொண்டு மொழிபெயர்க்கக் கற்ற நிரலை, அடியிலிருந்து உருவாக்கும் பொருள்வசதி அவர்களிடம் இல்லை. கிடைக்கும் மாதிரியைச் சீர்ப்படுத்தும் உழைப்பு இருக்கிறது. மரபுத்தொடர்களுக்காக அந்த உழைப்பை எங்கே செலவிடுவது என்பதே கேள்வி. நான் வந்தடைந்த கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த இயந்திரம் சிறந்தது என்பதைவிட, எந்த வகைத் தொடரில் இயந்திரத்தை எவ்வளவு கட்டுப்படுத்தலாம் என்பதே முதன்மையான கேள்வி. இயந்திரங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும்போதும் பயன் குன்றாமல் நிற்பது, குழு தன் கையால் தொகுக்கும் மரபுத்தொடர்க் களஞ்சியம்.

தொடர்களின் வகைகள்

ஒன்றுக்கு மேற்பட்ட சொற்கள் சேர்ந்து ஓர் அலகாக நிற்பது மொழியின் ஓரத்தில் நடக்கும் விதிவிலக்கு அன்று. இவான் சாக்கும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் 2002இல் எழுதிய, இத்துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வுரை, வேர்ட்நெட் என்ற ஆங்கிலச் சொல்வலையின் 1.7ஆம் பதிப்பில் உள்ள பதிவுகளில் 41 விழுக்காடு பல்சொல் தொடர்களே என்று காட்டியது. சிறிதும் மாறாத தொடர்கள், உருபளவில் மட்டும் மாறும் தொடர்கள், இடையில் பிற சொற்களுக்கு இடம்கொடுக்கும் நெகிழ்ச்சியான தொடர்கள், பொருள் வெளிப்படையாக இருந்தும் வழக்கினால் நிலைபெற்ற தொடர்கள் என்ற பாகுபாட்டையும் அவ்வுரை முன்வைத்தது.

தமிழில் இந்த எல்லா வகைகளும் உண்டு. ‘ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்ற மனுவின் இறுதி வரி ஏறக்குறைய கல்வெட்டு. எழுதுபவர் மாறினாலும் அது மாறுவதில்லை. ‘முதல் தகவல் அறிக்கை’, ‘பட்டா மாறுதல்’ போன்றவை துறைச் சொற்கள். ‘முடிவு எடு’, ‘ஏலம் விடு’, ‘நடவடிக்கை எடு’ போன்றவற்றில் பெயர்ச்சொல் பொருளைச் சுமக்க, வினைச்சொல் துணைக்கு நிற்கிறது. ‘கை கழுவு’, ‘கம்பி நீட்டு’, ‘நாமம் போடு’, ‘காலை வாரு’ ஆகியவை மெய்யான மரபுத்தொடர்கள். உறுப்புச் சொற்களின் பொருளைக் கூட்டி இவற்றின் பொருளை எட்ட முடியாது. ‘இலவு காத்த கிளி போல’ என்பதில் ஒரு முழுக் கதையே உவமையாகச் சுருங்கியிருக்கிறது. ‘போய் வருகிறேன்’ என்பதில் ஒவ்வொரு சொல்லும் தன் பொருளிலேயே நின்றாலும், அதைப் பயணத் திட்டமாக எடுத்துக்கொள்ளும் தமிழர் எவரும் இல்லை. அது விடைபெறும் முறை.

நம் இலக்கண மரபு இதைக் கவனிக்காமல் விடவில்லை என்பதை இங்கே குறிப்பிடத் தோன்றுகிறது. நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுக்கிறது. ஒருவரின் இறப்பை ‘இறைவனடி சேர்ந்தார்’ என்று சொல்வது மங்கலம். ‘இயற்கை எய்தினார்’ என்று எழுதுபவர் சமயச் சொல்லைத் தவிர்க்கும் தம் கொள்கையையும் பல வேளைகளில் உடன் அறிவிக்கிறார். ‘சிவலோகப் பதவி அடைந்தார்’ என்பதில் குடும்பத்தின் சமயம் தெரிகிறது. இம்மூன்றையும் ஆங்கிலத்தில் ஒரே வினைச்சொல்லாக்கினால் தகவலில் பிழை இல்லை. ஆனால் எழுதியவர் தேர்ந்தெடுத்துச் சொன்ன ஒன்று விடுபட்டுவிடுகிறது. ஆகவே களஞ்சியத்தில் பொருளை மட்டும் எழுதினால் போதாது, அத்தொடர் யார் வாயில் எந்த இடத்தில் வரும் என்பதையும் எழுத வேண்டும்.

முதல் வழி: மூலத்திலேயே மாற்றி எழுதுதல்

மிகப் பழைய வழி இது. 1952ஆம் ஆண்டு ஜூன் மாதம் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கூடிய முதல் இயந்திர மொழிபெயர்ப்பு மாநாட்டிலேயே, மொழிபெயர்க்கும் கணினி மரபுத்தொடர்களை எப்படிக் கையாள வேண்டும் என்பது குறித்து யெஹோசுவா பார்-ஹில்லெல் உரை வழங்கினார். தொடர்களின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, உரையில் அவை வருமிடத்தில் பொருள் வெளிப்படையான சொற்களை இட்டு, அதன்பின் மொழிபெயர்ப்பது இன்றும் பலருக்கு முதலில் தோன்றும் உத்தி. ‘காலை வாரிவிட்டான்’ என்பதை ‘துரோகம் செய்துவிட்டான்’ என்று தமிழிலேயே மாற்றிக் கொடுத்தால், அதற்குமேல் எந்த மொழிபெயர்ப்பு இயந்திரமும் பெரும்பாலும் இடறாது.

இவ்வழியின் வலிமை அதன் வெளிப்படைத்தன்மை. தவறு நேர்ந்தால் எந்தப் பதிவினால் நேர்ந்தது என்று உடனே தெரியும்; திருத்தினால் மறுகணமே பயன் கிடைக்கும்; கணினிச் செலவும் மிகக் குறைவு. ஆனால் தமிழில் இதைச் செய்வது ஆங்கிலத்தில் செய்வதைப் போன்றதன்று. ‘கைகொடு’ என்ற ஒரு தொடர், ‘கைகொடுக்காத’, ‘கைகொடுத்துவந்த’, ‘கைகொடுத்திருக்கக்கூடாதா’ என்று துணைவினைகளையும் இடைச்சொற்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆயிரக்கணக்கான வடிவங்களை எடுக்கும். சேர்த்தும் எழுதுவார்கள், பிரித்தும் எழுதுவார்கள். ஒற்று சில இடங்களில் மிகும், சில இடங்களில் விடுபட்டிருக்கும். ‘இத்திட்டத்துக்குப் பச்சைக்கொடியை நிதித்துறை இன்னும் காட்டவில்லை’ என்பதில் தொடரின் இரு பாதிகளுக்கு நடுவே எழுவாயே வந்து அமர்ந்துவிட்டது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடல் இங்கே பயன்படாது. வினையடியைப் பிரித்தறியும் உருபனியல் பகுப்பாய்வு தேவை. இலங்கை ஆய்வாளர்களின் முன்னெடுப்பில் உருவாகி 2021இல் ஆய்விதழ் ஒன்றில் விவரிக்கப்பட்ட தமிழிமார்ஃப் போன்ற கருவிகள் இதற்கு உதவும்.

அடையாளம் கண்ட பிறகும் மாற்றி எழுதுவதில் ஒரு நுட்பமான இடர் இருக்கிறது. ‘அவனைக் கை கழுவினார்கள்’ என்பதை ‘அவனை விலகினார்கள்’ என்று மாற்ற முடியாது. ‘அவனிடமிருந்து விலகினார்கள்’ என்று வேற்றுமையையும் மாற்ற வேண்டும். ஆகவே மாற்றுச் சொல்லைத் தேரும்போது அதே வேற்றுமையை ஏற்கும் சொல்லாகத் தேர வேண்டும். இங்கே ‘கைவிடு’ பொருந்துகிறது, ஏனெனில் ‘அவனைக் கைவிட்டார்கள்’ என்பதில் எதையும் அசைக்க வேண்டியதில்லை. எல்லாத் தொடருக்கும் இப்படி ஒரு நல்வாய்ப்பு அமைவதில்லை. அதோடு, மூலத்தில் இருந்த காட்சி இயந்திரத்தின் கைக்கு எட்டும் முன்பே அழிந்துவிடுகிறது என்பதால், கதைகளுக்கு இவ்வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வேற்றுமை தரும் துப்பு

இவ்விடத்தில் சற்று நின்று பார்ப்பது தகும், ஏனெனில் எந்த வழியைத் தேர்ந்தாலும் நேர்ப்பொருளா மரபுப்பொருளா என்று பிரித்தறியும் சிக்கல் தொடர்ந்து வரும். தமிழ் இலக்கணம் இதற்குப் பல இடங்களில் உதவுகிறது. அந்த உதவியைப் போதிய அளவு நாம் பயன்படுத்திக்கொள்வதில்லை என்பது என் ஆதங்கம்.

‘சாப்பிட்டதும் கை கழுவினார்கள்’ என்பதில் கழுவுதலுக்குச் செயப்படுபொருள் கைதான். ‘அவனைக் கை கழுவினார்கள்’ என்பதிலோ இரண்டாம் வேற்றுமை ஏற்ற இன்னொரு பெயர் வந்துவிட்டது. கழுவுதல் என்ற வினைக்கு இரண்டு செயப்படுபொருள்கள் தாங்காது என்பதால், தொடர் முழுவதும் ஒரே வினையாகிவிட்டது என்று துணிந்து முடிவு செய்யலாம். ‘குழந்தைக்குக் கை கழுவிவிட்டாள்’ என்று நான்காம் வேற்றுமை வந்தால் மீண்டும் நேர்ப்பொருள். ‘எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகினார்’ என்பதற்கும் ‘மகனைத் தலைமுழுகினார்’ என்பதற்கும் இதே வேறுபாடுதான். ‘சரியான நேரத்தில் பெய்த மழை கைகொடுத்தது’ என்பதில் எழுவாய் மழை. மழைக்குக் கை இல்லை. ‘ஏழைகளின் வயிற்றில் அடிக்கிறார்கள்’ என்றால் பிழைப்பைக் கெடுக்கிறார்கள். ‘வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதாள்’ என்று ‘கொள்’ என்ற துணைவினை சேர்ந்தால் அடி உண்மையான அடி.

இந்தத் துப்புகள் எல்லா இடத்திலும் பலிப்பதில்லை. ‘பேரன் கல்யாணத்தைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவேன்’ என்று ஒரு பாட்டி சொல்லும்போது வேற்றுமை உருபு எதையும் காட்டிக்கொடுக்காது; சொல்பவரின் வயதும் ‘தான்’ என்ற இடைச்சொல்லும் சூழலும்தான் பொருளைத் தருகின்றன. தொடக்கத்தில் காட்டிய ‘காது குத்து’ம் அத்தகையதே. எனவே இலக்கண விதிகளால் தீர்க்கக்கூடியவை, சூழலால் மட்டுமே தீரக்கூடியவை என்று தொடர்களைப் பிரித்து வைத்துக்கொண்டால் பின்வரும் வழிகளை எடைபோடுவது எளிதாகும்.

இரண்டாம் வழி: சேமித்த மொழிபெயர்ப்பை மீட்டெடுத்தல்

புள்ளியியல் முறை கோலோச்சிய காலத்தில், குறிப்பாக 2003இல் ஃபிலிப் கோன் உள்ளிட்டோரின் ஆய்வுக்குப் பிறகு, சொற்களுக்குப் பதிலாகச் சொற்கோவைகளையே அலகாகக் கொண்டு மொழிபெயர்க்கும் முறை பரவியது. மாறாத தொடர்களுக்கு அது இயல்பாகவே பொருந்தியது. வடிவம் பெருகும் தமிழ் வினைகளுக்கு அதே அளவில் பொருந்தவில்லை. இன்று அம்முறையைப் புதிதாகத் தொடங்குவதற்குக் காரணம் எதுவும் இல்லை. ஆனால் அதன் உறவினரான மொழிபெயர்ப்பு நினைவகத்தை, அதாவது ஒருமுறை மனிதர் மொழிபெயர்த்த வாக்கியத்தைச் சேமித்து அடுத்த முறை அப்படியே எடுத்துத் தரும் கருவியை, அரசு ஆவணங்களில் கைவிடக் கூடாது. ‘ஆவன செய்யுமாறு’ என்ற வரிக்கு நூறு தடவை நூறு விதமான ஆங்கிலம் வேண்டியதில்லை.

மூன்றாம் வழி: மாதிரிக்கு மறுபயிற்சி அளித்தல்

கூகுள் நிறுவனம் 2017 ஏப்ரலில் தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளுக்குத் தன் மொழிபெயர்ப்புச் சேவையை நரம்பியல் வலை முறைக்கு மாற்றியது. மெட்டா நிறுவனம் 2022இல் இருநூறு மொழிகளுக்கான மாதிரியை வெளியிட்டது. சென்னை ஐஐடியைச் சார்ந்த ஏஐ4பாரத் குழு 2023இல் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2, இந்திய அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளையும் உள்ளடக்கியது. இவற்றில் ஒன்றை எடுத்து, மரபுத்தொடர்கள் நிறைந்த வாக்கிய இணைகளைக் கொடுத்து மேலும் பயிற்சியளிப்பது மூன்றாம் வழி. தேர்வின்போது உரிமத்தையும் கவனிக்க வேண்டும்: மெட்டாவின் மாதிரி வணிகப் பயன்பாட்டை அனுமதிக்காத உரிமத்தில் வந்தது; இண்டிக்டிரான்ஸ்2 வணிகப் பயன்பாட்டையும் அனுமதிக்கும் எம்ஐடி உரிமத்தில் கிடைக்கிறது. கட்டணம் வாங்கும் ஒரு சிறு நிறுவனத்துக்கு இந்த ஒரு வேறுபாடே முடிவைத் தீர்மானித்துவிடலாம்.

நரம்பியல் மாதிரிகள் தொடர்களைச் சொல்லுக்குச் சொல் பிரித்து மொழிபெயர்க்கும் பக்கமே சாய்கின்றன என்பதை வெர்னா டாங்கர்ஸ் முதலிய மூவர் 2022இல் ஆங்கிலத்திலிருந்து ஏழு ஐரோப்பிய மொழிகளுக்குச் செல்லும் மொழிபெயர்ப்புகளை ஆராய்ந்து காட்டினர். ஒரு தொடர் பயிற்சித் தரவில் போதிய தடவை வந்தால்தான் மாதிரி நேர்ப்பொருளிலிருந்து மரபுப்பொருளுக்கு மாறுகிறது என்று 2023இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு கூறியது; அதே ஆய்வு, அத்தகைய வாக்கியங்களுக்குப் பயிற்சியில் கூடுதல் எடை கொடுப்பதும், ஒத்த வாக்கியங்களைத் தரவிலிருந்து தேடி எடுத்துத் துணைக்கு வைப்பதும் பயனளிப்பதாகக் கண்டது.

தமிழில் அந்தப் ‘போதிய தடவை’யை எட்டுவதே கடினம். இணையத்திலிருந்து திரட்டப்படும் தமிழ்–ஆங்கில வாக்கிய இணைகளில் அரசு அறிவிப்புகளும் செய்தி அறிக்கைகளும் கலைக்களஞ்சியக் கட்டுரைகளும் மிகுதி. ‘கம்பி நீட்டினான்’ போன்றவை வாழும் பேச்சும் புனைகதையும் குறைவு. மேலும், நல்ல மொழிபெயர்ப்பாளர் மரபுத்தொடரைக் கரைத்து வாக்கியத்தையே வேறாக எழுதிவிடுவதால், எந்தச் சொல்லுக்கு எது இணை என்று மாதிரி கற்றுக்கொள்ளும் தடயமும் மங்கிவிடுகிறது. ஆகவே குழுவே வாக்கியங்களை எழுத வேண்டியிருக்கும். அப்படி எழுதும்போது மரபுப்பொருள் வாக்கியங்களை மட்டும் திரட்டிக் கொடுப்பதே இவ்வழியில் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு என்று கருதுகிறேன். ‘காது குத்து’ ஒவ்வொரு முறையும் ஏமாற்றுதலாகவே வந்தால், மாதிரி அதையே கற்றுக்கொண்டு காதணி விழா அழைப்பிதழைக் கெடுத்துவிடும். ஒவ்வொரு மரபு வாக்கியத்துக்கும் எதிரில் ஒரு நேர்ப்பொருள் வாக்கியம் நிற்க வேண்டும்.

இவ்வழியில் கிடைக்கும் பயன் ஆழமானது. மொழிபெயர்க்கும் நேரத்தில் கூடுதல் வேலை எதுவும் இல்லை, வாக்கியத்தின் நடையும் சிதைவதில்லை. ஆனால் எந்தத் தொடரை மாதிரி கற்றது, எதைக் கற்கவில்லை என்று உள்ளே பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு பதிவை மட்டும் திருத்தவும் முடியாது.

நான்காம் வழி: வெளியீட்டில் கட்டாயப்படுத்துதல்

மாதிரி ஆங்கில வாக்கியத்தை உருவாக்கும்போதே, இன்ன சொற்கள் அதில் இடம்பெற்றே தீர வேண்டும் என்று நிபந்தனை விதிக்கும் உத்திகள் 2017, 2018 ஆண்டுகளில் உருவாயின. பயிற்சியின்போதே மூல வாக்கியத்தில் கலைச்சொல்லின் இணையைச் செருகிக் காட்டி, மாதிரியைப் பழக்கும் மென்மையான முறை 2019இல் வந்தது. இவை கலைச்சொற்களுக்காகப் பிறந்தவை. அங்கேதான் இவை சிறக்கின்றன. ‘முதல் தகவல் அறிக்கை’ என்பதற்கு ஒரு வழக்கு முழுவதும் ஒரே ஆங்கிலப் பெயர் வர வேண்டும் என்றால் இதைவிடச் சிறந்த வழி இல்லை.

மரபுத்தொடரில் நிலைமை வேறு. ‘கை கழுவு’ என்பதற்கு ஆங்கிலத்திலும் கை கழுவும் உருவகமே இருக்கிறது. ஆனால் அங்கே எழுவாய்க்கு ஏற்ப உடைமைச் சொல் மாற வேண்டும், காலத்துக்கேற்ப வினை மாற வேண்டும், கைவிடப்பட்டவரின் பெயருக்கு முன் ‘ஆஃப்’ என்ற முன்னிடைச்சொல் வர வேண்டும். அந்த ஒரு சிறு சொல் விடுபட்டால் உண்மையாகவே சோப்புப் போட்டுக் கழுவியதாகிவிடும். மாறாத ஒரு சொற்கோவையைக் கட்டாயப்படுத்தினால் வாக்கியம் அதைச் சுற்றி முடங்கிப்போகிறது. நேர்ப்பொருள் இடத்தில் இந்தக் கட்டாயம் செயல்பட்டுவிட்டாலோ, மாதிரிக்குத் தப்பிக்கும் வழியே இல்லை.

ஐந்தாம் வழி: பெருமொழி மாதிரிக்குக் குறிப்பு கொடுத்தல்

பெருமளவு உரையில் பயின்று, கேட்டதற்கேற்ப எழுதித் தரும் இன்றைய பெருமொழி மாதிரிகள் பரவலான மரபுத்தொடர்கள் பலவற்றைத் தாமாகவே சரியாகப் புரிந்துகொள்கின்றன. பெருமளவிலான ஒருமொழி உரையில் முன்பயிற்சி பெற்ற மாதிரிகள், மரபுத்தொடர்களின் மொழிபெயர்ப்பை நேரடியாகக் காணாவிட்டாலும் அவற்றை மேம்படக் கையாளுகின்றன என்று 2023இல் கிறிஸ்டோஸ் பாட்ஸியோடிஸ் உள்ளிட்டோர் கண்டதோடு இது ஒத்துப்போகிறது. எனினும் வட்டார வழக்கிலும் அருகிய வழக்கிலும் இவற்றை அப்படியே நம்ப முடியாது. அங்கேதான் களஞ்சியம் கைகொடுக்கிறது: வாக்கியத்தோடு சேர்த்து, ‘இதில் வரும் இத்தொடர் மரபுத்தொடராக இருந்தால் இப்பொருள் தரும்; நேர்ப்பொருளிலும் வரக்கூடும்; சூழலைப் பார்த்து முடிவு செய்க’ என்று ஒரு குறிப்பை மாதிரிக்குத் தருவது. ஆங்கிலம், சீனம், ஜப்பானியம் ஆகிய மொழிகளின் மரபுத்தொடர்ப் பொருள்களைத் தொகுத்து, மொழிபெயர்க்கும்போது மாதிரிக்குத் துணையாகக் கொடுக்கும் முயற்சி 2024இல் விரிவாக வெளியிடப்பட்டது. தமிழுக்கு அதைச் செய்யத் தடை ஏதும் இல்லை.

முதல் வழிக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு, யார் தீர்ப்புச் சொல்கிறார் என்பதில் இருக்கிறது. அங்கே பட்டியல் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. இங்கே பட்டியல் சாட்சியாக நிற்க, சூழலைப் படிக்கும் மாதிரி தீர்ப்புச் சொல்கிறது. ஆகவே தேடலில் சற்றுத் தாராளமாக இருக்கலாம்: பொருந்தாத இடத்தில் தொடர் அகப்பட்டுவிட்டாலும் கேடு குறைவு. பாட்டி கண்ணை மூடுவதும் கடைக்காரரின் காதும் சரியாக அமைய வேறு வழிகளைவிட இங்கேதான் வாய்ப்பு மிகுதி.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். தமிழ் எழுத்துகள் ஒருங்குறியின் பரவலான குறியீட்டில் ஒவ்வொன்றும் குறைந்தது மூன்று பைட்டுகளை எடுப்பதும், மாதிரிகளின் சொற்கூறு அகராதிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தை மையமாகக் கொண்டு அமைந்திருப்பதும் சேர்ந்து, அதே செய்திக்குத் தமிழில் கூடுதல் டோக்கன் (மாதிரி உரையைப் பிரித்துப் படிக்கும் சிறு துண்டு) செலவாகிறது. குறிப்புகளையும் சேர்த்தால் செலவு இன்னும் ஏறும். அதே வாக்கியத்துக்கு இரண்டு நாளில் இரண்டு மொழிபெயர்ப்பு வரலாம். ரகசியம் காக்க வேண்டிய மனுக்களையும் வழக்கு ஆவணங்களையும் வெளிச் சேவைக்கு அனுப்பலாமா என்பது தனியே முடிவு செய்ய வேண்டியது. எனக்கு மிகுந்த கவலை தருவது வேறொன்று: இம்மாதிரிகள் சரளமாக எழுதும் ஆர்வத்தில், மூலத்தில் இல்லாத இடத்திலும் ஆங்கில மரபுத்தொடரைக் கொண்டுவந்து வைக்கின்றன, இலவம்பஞ்சும் கிளியும் இருந்த இடத்தில் ஆங்கிலேயருக்குப் பழகிய வேறொரு காட்சி வந்து அமர்ந்துவிடுகிறது. செய்தியில் அது பொறுத்துக்கொள்ளத்தக்கது. கதையில் பொறுத்துக்கொள்ள முடியாது. எனவே கதைகளுக்கான குறிப்பில், காட்சியைக் காக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லியே ஆக வேண்டும்.

எதைக் கொண்டு அளப்பது

வழிகளை ஒப்பிடும் முன் அளவுகோலைச் சரிசெய்ய வேண்டும். 2002 முதல் புழங்கிவரும் ப்ளூ மதிப்பெண், மனிதர் எழுதிய மொழிபெயர்ப்போடு எத்தனை சொற்கோவைகள் ஒத்துப்போகின்றன என்று எண்ணுகிறது. ஆயிரம் வாக்கியங்களில் இருபதில் மரபுத்தொடர் இருந்து, அந்த இருபதும் பாழானாலும் மதிப்பெண் பெரிதாகக் குறையாது. ஆனால் படிப்பவர் நினைவில் நிற்பவை அந்த இருபதுதான். சீன மரபுத்தொடர்களுக்காக 2018இல் முன்மொழியப்பட்ட எளிய உத்தி நமக்குப் பயன்படும்: ஒவ்வொரு தொடருக்கும், நேர்ப்பொருளில் மொழிபெயர்த்தால் மட்டுமே வரக்கூடிய ஆங்கிலச் சொற்களின் தடைப்பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, அவை வெளியீட்டில் வருகின்றனவா என்று பார்ப்பது. ‘காது குத்து’க்கு ஆங்கிலத்தில் காதைக் குறிக்கும் சொல்லே தடைச்சொல். பாட்ஸியோடிஸ் குழுவின் 2023 ஆய்வும் இதே திசையில் நேர்மொழிபெயர்ப்புப் பிழை விகிதம் ஒன்றை வகுத்தது. அத்துடன், நேர்ப்பொருள் வாக்கியங்களில் அதே சொல் கட்டாயம் வந்திருக்க வேண்டும் என்று எதிர்த் திசையிலும் சோதித்தால், ஒரு வழி தொடரைக் கற்றுக்கொண்டதா அல்லது ஒரு பொருளை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டதா என்பது தெரியவரும். இரண்டு சோதனைகளையும் சேர்த்தே மதிப்பெண் போட வேண்டும்.

யாருக்கு எது

அரசு ஆவணங்களை மட்டும் கையாளும் குழுவுக்கு மொழிபெயர்ப்பு நினைவகமும், கலைச்சொற்களுக்கான நான்காம் வழியும் போதும். அங்கே மெய்யான மரபுத்தொடர்கள் மிகக் குறைவு. செய்திக்கு ஐந்தாம் வழியையே முதலில் எடுப்பேன். ‘மண்ணைக் கவ்வியது’, ‘கிடப்பில் போட்டது’, ‘முட்டுக்கட்டை போட்டது’ என்று தலைப்பிலேயே தொடங்கிவிடும் நடை அது. வெளிச் சேவைக்கு உரையை அனுப்ப முடியாதவர்கள், தம் கணினியிலேயே இயங்கும் இண்டிக்டிரான்ஸ்2 போன்ற மாதிரியை வைத்துக்கொண்டு, வேற்றுமையால் ஐயமறத் தீரும் தொடர்களுக்கு மட்டும் முதல் வழியைப் பயன்படுத்தி, மற்றவற்றை மாற்றாமல் விட்டு, மனிதர் பார்க்கும்படி அடையாளமிடுவது நல்லது. மறுபயிற்சியை முதல் ஆண்டில் தொடங்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. களஞ்சியத்திலும் சோதனைத் தொகுப்பிலும் சேரும் வாக்கியங்களையும், மொழிபெயர்ப்பாளர்களின் திருத்தங்களையும் சேமித்துவந்தால், நாளடைவில் அவையே மூன்றாம் வழிக்கான தரவாக வளரும். கதைகளில் எந்த வழியும் முதல் வரைவுக்கு மட்டுமே. உவமையை வைத்துக்கொள்வதா விடுவதா என்பதை மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்யட்டும்.

களஞ்சியத்தின் ஒரு பதிவு எப்படி இருக்க வேண்டும் என்பதை ‘கைகொடு’ என்பதைக் கொண்டு காட்டுகிறேன். அடிச்சொல் வடிவம்: கைகொடு, பிரித்தும் எழுதப்படும், நடுவே பிற சொற்கள் வரலாம். பொருள்: இக்கட்டில் உதவு, பயன்படு. நேர்ப்பொருள் சாத்தியம்: உண்டு, கைகுலுக்குதல், மேலே ஏற ஒருவருக்குக் கையை நீட்டுதல். துப்பு: எழுவாய் அஃறிணையானால் மரபுப்பொருள் உறுதி, நான்காம் வேற்றுமை துப்பாகாது, இரண்டு பொருளிலும் வரும். ஆங்கிலத்துக்கான குறிப்பு: ஆள் உதவினால் கையை உருவகமாகக் கொண்ட ஆங்கிலத் தொடர் பொருந்தும், மழையோ படிப்போ சேமிப்போ உதவினால் அது பொருந்தாது, உதவியது என்று வெளிப்படையாகவே எழுதுக. நடை: பேச்சு, எழுத்து இரண்டும். எடுத்துக்காட்டுகள்: மரபுப்பொருளில் மூன்று, நேர்ப்பொருளில் மூன்று, தெளிவற்றது ஒன்று. அந்த ஏழாவது வாக்கியத்தைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். ‘மேடைக்கு வந்த வேட்பாளருக்கு முன்னாள் அமைச்சர் கைகொடுத்தார்’ என்று ஒரு செய்திப் படத்தின் கீழே எழுதியிருந்தால், படத்தைப் பார்க்காமல் அதன் பொருளை எந்த விதியும் எந்த மாதிரியும் சொல்ல முடியாது. அதை மொழிபெயர்க்காமல் நிறுத்தி, படத்தைப் பார்க்கக்கூடிய ஒருவருக்கு அனுப்பும்படி அமைப்பை வடிவமைக்க வேண்டும்.